வெட்டாத பதிவு

மயிலாப்பூர்
ஆகஸ்டு 9

அன்புள்ள லாரன்ஸுக்கு,

வர்ஷினி எழுதுவது. நலமா என்று கேட்டு ஆரம்பிக்க வாய் வரவில்லை. ஆனால் அதைக் கேட்காமல் எப்படிக் கடிதம் எழுதுவது? சாப்பிடுகிறாயா? தொண்டைக்கு வெந்நீர் கிடைக்கிறதா? நீ இருமிக்கொண்டே இருக்கிறாய் என்று அன்புச்செல்வி சொன்னாள். உன் தங்கை எதையும் பெரிதுபடுத்துகிறவள் இல்லை. அதனால்தான் எனக்குக் கவலை.

இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் சிறையில் ஓர் அதிகாரி படிப்பார் என்று வக்கீல் தணிகாசலம் சொன்னார். அவருக்கும் என் வணக்கம். ஐயா, முடி நீளமாக இருக்கிறது, கழுத்தில் பச்சை குத்தியிருக்கிறான் என்று இவனை என்னவோ ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள். கரப்பான்பூச்சியைப் பார்த்தால் மேசைமேல் ஏறி நிற்கிறவன். நானே பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை உன்னைப் பார்க்க மனு போட்டுவிட்டு வெயிலில் உட்கார்ந்திருந்தேன். பெயரைக் கூப்பிட்டார்கள், எழுந்து போனேன், நீ வர மறுத்துவிட்டாய் என்றார்கள். பரத்வாஜ் வந்தபோதும் இதே கதை. வக்கீலிடம் மட்டும் பேசுகிறாய், அதுவும் ஆமாம், இல்லை என்று. அதனால்தான் கடிதம். என்னிடமிருந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதுபோல் காகிதத்திடம் திருப்பிக்கொள்ள முடியாது பார்.

நேராக விஷயத்துக்கு வருகிறேன். அந்த வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆற்றோரத்தில் உங்கள் வீடுகளை இடித்தபோது நீ கல்லெறிந்தாய், பொக்லைன் கண்ணாடி உடைந்தது, அதை ஓட்டியவருக்கு மண்டையில் அடி என்று வழக்கு. யாரோ செல்போனில் எடுத்த படத்தில் நீள முடிக்காரன் ஒருவனின் முதுகு தெரிகிறது. அவர்கள் கையில் இருப்பது அவ்வளவுதான். அந்த நேரத்தில் நீ எங்கள் வீட்டு மாடியில் மைக் முன்னால் நின்றுகொண்டிருந்தாய். காலையில் வந்தவன் சாயங்காலம்தான் இறங்கினாய். எல்லாம் முடிந்தபிறகு ஆற்றோரத்தில் போய் நின்றவனைத்தான் பிடித்துக்கொண்டு போனார்கள். இதை வக்கீலிடம் ஏன் சொல்லவில்லை?

அன்றைய பதிவு முழுதாக நம்மிடம் இருக்கிறது என்பது உனக்குத் தெரியாதா? நம் ஈயச்சொம்புக் குழுவுக்கு இருந்த ஒரே சட்டம் அதுதானே. நாம் நாலு பேர், நாலு மெட்டல் இசைக் குழுக்களிலிருந்து வந்தவர்கள். அவரவர் குழுவில் அவரவர் ராஜா. ஸ்ரீநாத்தின் கிட்டாருக்கு ஒரு கூட்டம், உன் குரலுக்கு ஒரு கூட்டம். இந்த இடத்தை நான்தான் முதலில் வாசித்தேன் என்று முதல் வாரமே அடிதடி. மிருதங்கம் வாசித்த கையோடு டிரம்ஸுக்கு வந்த பரத்வாஜ்தான் வழி சொன்னான். அறைக்குள் நுழைந்ததும் பதிவுக் கருவியைப் போடுவது, கிளம்பும்போதுதான் நிறுத்துவது. நடுவில் டீ குடித்தாலும் சண்டை போட்டாலும் அது ஓடிக்கொண்டிருக்கும். வெட்டக்கூடாது, ஒட்டக்கூடாது. வெளியிடும்போதும் அப்படியே வெளியிடுவது. சென்னையின் பெரிய கைகள் ஒன்றுசேர்ந்திருக்கின்றன, இது பெரிய பரிசோதனை என்றெல்லாம் எழுதினார்கள். தி.நகரில் ஒரே ஒரு கச்சேரி. அரை வருஷம்கூட ஆகவில்லை, அதற்குள் இந்த நிலை. ஈயச்சொம்பைத் தண்ணீரில்லாமல் அடுப்பில் வைத்தால் உருகிவிடும் என்று தெரிந்தேதான் பரத்வாஜ் அந்தப் பெயரை வைத்தான் போலிருக்கிறது.

நானும் பரத்வாஜும் சாட்சி சொன்னால் கூட்டாளிகள் என்று தள்ளிவிடுவார்களாம். பதிவை அப்படித் தள்ள முடியாது என்கிறார் வக்கீல். கருவி தேதியையும் நேரத்தையும் தானே குறித்துக்கொள்கிறது. நடுவில் தெருக்கோடி அம்மன் கோயில் ஒலிபெருக்கி ஆடி வெள்ளிக் கூழ் வாங்க வரச்சொல்லிக் கூப்பிடுவதும் கேட்கிறது. ஆனால் அதை வெட்டாமல் முழுசாகக் கொடுக்க வேண்டும். அன்று நான் அங்கேதான் இருந்தேன் என்று நீயும் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும்.

அன்று ஸ்ரீநாத் உன்னிடம் சொன்ன வார்த்தையும் அதில் இருக்கிறது. அது வெளியே வந்தால் அவன் பெயர் கெடும் என்றுதான் நீ வாயை மூடிக்கொண்டிருக்கிறாய் என்று நினைக்கிறேன். அண்ணனைக் காட்டிக்கொடுக்க மனசில்லை. அந்தக் கவலை உனக்கு வேண்டாம். அவன் என் புருஷன், அவனை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உன்னைக் குண்டர் சட்டத்தில் போடப் பேச்சு அடிபடுகிறது. போட்டால் ஒரு வருஷம், ஜாமீன் என்ற பேச்சே கிடையாது. யோசித்துக்கொண்டிருக்க நேரம் இல்லை. ஒரு வரி எழுது. தைரியமாக இரு.

அன்புடன்,
அண்ணி வர்ஷினி


மயிலாப்பூர்
ஆகஸ்டு 18

அன்புள்ள லாரன்ஸ்,

உன் பதில் கிடைத்தது. அதைப் பதில் என்றா சொல்வது? பதிவை அழித்துவிடுங்கள் அண்ணி, அம்மாவுக்கும் எங்கள் ஜனங்களுக்கும் தெரிய வேண்டாம். இவ்வளவுதான். எனக்கு வந்த கோபத்தில், அடையாற்றில் என் பல் கிளினிக்கில், மிட்டாய் தின்று பல்லைச் சொத்தையாக்கிக்கொண்டு வந்த ஒரு குழந்தையின் அம்மாவைப் பிடித்துக் கத்திவிட்டேன். பாவம், அவர் ஒன்றுமே செய்யவில்லை.

நீ வாயை மூடிக்கொண்டிருப்பது ஸ்ரீநாத்துக்காக இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஆற்றோரத்து ஜனங்கள் எல்லோரும் நீ பொக்லைனுக்கு முன்னால் நின்றாய் என்று நம்புகிறார்கள். உன்னைக் கும்பிடாத குறை. வீடு விழுந்த நேரத்தில் இவன் மயிலாப்பூர் மாடியில் மைக்கைப் பிடித்துப் பாடிக்கொண்டிருந்தான் என்று அவர்களுக்குத் தெரிவதைவிட ஒரு வருஷம் உள்ளே கிடப்பது மேல் என்று முடிவு கட்டிவிட்டாய். நல்ல முடிவு போ.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீநாத் வெளியே போயிருந்தபோது முழுப் பதிவையும் உட்கார்ந்து கேட்டேன். நீ மூச்சிரைக்க மாடியேறி வருகிறாய். கதவில் நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள், இன்றைக்கே ஆள் வரலாம் என்கிறார்கள், மத்தியானம் கிளம்பிவிடுகிறேன் என்று சொல்கிறாய். ஸ்ரீநாத் கிட்டாரை நிறுத்தவே இல்லை. வாசித்துக்கொண்டே சொல்கிறான்: "நன்னா இடிக்கட்டும். அந்த நாத்தமாவது போகும். நீ டேக்கை முடிச்சுட்டுப் போ."

அதற்கப்புறம்தான் கிட்டார் நிற்கிறது. நீ கோபித்துக்கொண்டு கிளம்பியிருக்கலாம். கிளம்பியிருந்தால் அதுவே அவன் வாய்க்குச் சரியான பதிலாக இருந்திருக்கும். நீயோ பரத்வாஜைப் பார்த்து, "அடி நைனா" என்கிறாய்.

நீ பாடியதில் வார்த்தைகள் இருக்கின்றன என்று அன்றைக்கு எங்களுக்குத் தெரியாது. உன் உறுமலில் யார் வார்த்தை தேடினார்கள்? ஹெட்போனில் கேட்டபோதுதான் எனக்குப் பிடிபட்டது. பாலத்தடியிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு வீடாகச் சொல்லிக்கொண்டு போகிறாய். தையல் மிஷின் கஸ்தூரி வீடு. மீன்பாடி வண்டி கரீமுல்லா வீடு. ஊமையன் வீடு, இரட்டைப் பிள்ளை வீடு. கடைசியில் உன் அம்மா வேலம்மா வீடு. அங்கே வந்ததும் நகரவே மாட்டேன் என்கிறாய், அதையே திருப்பித் திருப்பி, குரல் கிழிகிறவரை. அதே நேரத்தில்தான் அங்கே அந்த வரிசை விழுந்துகொண்டிருந்தது. சத்தத்தை நிறுத்தி வைத்திருந்த உன் செல்போன் பைக்குள் அதிர்வதும் நடுநடுவே கேட்கிறது. அன்புச்செல்வி கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். கேட்டு முடித்ததும் அழுதேன். உன்னிடம் சொல்வதற்கென்ன.

வக்கீலுக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டினேன். ஹெட்போனைக் கழற்றிவிட்டு, அந்தத் தம்பிக்கு அன்று உடம்பு சரியில்லையா என்று கேட்டார். நல்ல மனுஷர். வெளியே வந்ததும் நீயே அவருக்கு விளக்கிக்கொள்.

இப்போது ஸ்ரீநாத் கதை. உன் முகம் போட்ட டீ ஷர்ட்டை மாட்டிக்கொண்டு அவன் ஊரெல்லாம் பேட்டி கொடுக்கிறான். லாரன்ஸ் எங்கள் குழுவின் ஆன்மா என்கிறான். வீட்டுக்கு வந்தால் அந்தப் பத்து விநாடியை மட்டும் வெட்டிவிட்டுக் கொடு என்கிறான். ஒரு விநாடி வெட்டினாலும் கைவைத்த பதிவு என்று தூக்கிப் போட்டுவிடுவார்கள் என்று வக்கீல் சொன்னதைச் சொன்னேன். கோபத்தில் வந்த ஒரு வார்த்தைக்காக என் பிழைப்பையே கெடுக்கப் பார்க்கிறாயா என்று கேட்கிறான். குழந்தைகளுக்குக் கிட்டார் சொல்லித்தருகிறவன். அந்த வார்த்தை வெளியே வந்தால் எந்த அப்பா அம்மா அனுப்புவார்கள் என்று பயம். பயம் நியாயம்தான். அவன் கெட்டவன் இல்லை, லாரன்ஸ், கோழை. ஆனால் அந்தக் கோழையின் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குக் கொஞ்ச நாளாகக் கஷ்டமாக இருக்கிறது. நேற்று அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தான். கருவியை ஏற்கெனவே கிளினிக்குக்குக் கொண்டுபோய்ப் பல்செட்டுகளுக்கு நடுவே வைத்துவிட்டேன்.

ஆக, உனக்கும் அது வெளியே வரக்கூடாது, அவனுக்கும் வரக்கூடாது. அறைக்குள் ஒருநாளும் ஒத்துப்போகாத இரண்டு பேரும் இதில் மட்டும் ஒத்துப்போகிறீர்கள். எனக்குச் சிரிப்பதா, சுவரில் முட்டிக்கொள்வதா என்று தெரியவில்லை.

நான் அழிக்க மாட்டேன். அதைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். உன் அம்மாவிடம் நானாகப் போய்ச் சொல்லவும் மாட்டேன், அதற்கு வாக்குத் தருகிறேன். படத்தில் தெரியும் முதுகு யாருடையதோ, அதையும் உன்னிடம் யாரும் கேட்கப்போவதில்லை. நீ யாரையும் காட்டிக்கொடுக்க வேண்டாம். நீ எங்கே இருந்தாய் என்று மட்டும் சொல். உண்மையைச் சொல்வது துரோகம் என்று உனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

இருமலுக்கு மருந்து அனுப்பியிருக்கிறேன். வக்கீல் கையில் கொடுத்தால் உள்ளே சேர்ப்பிக்க ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். குடி. வீம்புக்குக் கீழே ஊற்றாதே.

கவலையுடன்,
வர்ஷினி


பாலவாக்கம்
ஆகஸ்டு 27

அன்புள்ள லாரன்ஸ்,

மேலே ஊர் மாறியிருப்பதைப் பார்த்திருப்பாய். கூடப் படித்த தோழியின் வீட்டில் இருக்கிறேன். கடல் பக்கம், கொசு அதிகம். கிளம்பின அவசரத்தில் என் பேஸ் கிட்டாரை எடுக்க மறந்துவிட்டேன். உன்னால்தான் இப்படி ஆயிற்று என்று தலையில் போட்டுக்கொள்ளாதே. இது எங்கள் இரண்டு பேர் சமாச்சாரம், உன் வழக்குக்கு முன்னாலிருந்தே ஊறிக்கொண்டிருந்தது. இனி பதில் எழுதினால் இந்த முகவரிக்கு எழுது.

கருவி என் பெயரில் வாங்கியது. அதனால் பதிவுக்கு நான்தான் சான்றுக் கையெழுத்துப் போட வேண்டுமாம். திங்கட்கிழமை போட்டுவிட்டேன். ஸ்ரீநாத்திடம் சொல்லிவிட்டுத்தான் போட்டேன். அவன் எழுந்து போய் மாடி அறையைப் பூட்டிச் சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான். பரத்வாஜ் முந்தின வாரமே குட்டியானை வண்டியில் டிரம்ஸை ஏற்றிக்கொண்டு போய்விட்டான். ஈயச்சொம்பு அவ்வளவுதான். எனக்கு வருத்தம் இருக்கிறது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அதைப் பற்றி அழ இது நேரமில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன் வீட்டுக்குப் போனேன். பழக்கத்தில் வீடு என்று எழுதிவிட்டேன். ஊருக்கு வெளியே எட்டாவது மாடியில் ஓர் அறை, ஒரு சமையல் மூலை. லிஃப்ட் ஓடவில்லை. பாலத்தடியில் இட்லி விற்றவர், இங்கே யாருக்கு விற்பது என்று அம்மா சும்மா உட்கார்ந்திருக்கிறார். முட்டி வீங்கியிருக்கிறது. கீழே வாசலில் உன் படத்தோடு பெரிய பேனர் கட்டியிருக்கிறார்கள். பொக்லைனை நேருக்கு நேர் நின்று தடுத்த சிங்கமாம் நீ.

நான் வாக்கை மீறவில்லை. கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு பேசாமல் இருந்தேன். வக்கீல் என்ன சொல்கிறார் என்று அம்மாதான் கேட்டார். ஒரு கையெழுத்துக்காகக் காத்திருக்கிறோம், லாரன்ஸ் போடமாட்டேன் என்கிறான் என்று மட்டும் சொன்னேன். அம்மா சட்டென்று, அன்னிக்கு உங்க வூட்லதானே இருந்தான் என்றார். எனக்கு டீ புரையேறிவிட்டது.

இனி அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒரு வார்த்தையும் என்னுடையது இல்லை.

"நான்தாம்மா அவன அனுப்புனேன். இன்னிக்கு ஒண்ணும் ஆவாது, நீ பாட்டுக்குப் போடான்னு பொய் சொல்லி அனுப்புனேன். வண்டி வந்துக்கினு கீதுன்னு எனக்குக் காலைலயே தெரியும். அவன் நின்னான்னா இன்னா ஆவும்னு எனக்குத் தெரியாதா? அன்னிக்கு வூடும் போச்சு, பாத்திரமும் போச்சு. அவன் அங்க இல்லாம இருந்தது ஒண்ணுதான் நான் பண்ண நல்ல காரியம். அதையும் கெடுத்துக்கினு உள்ள போயி ஒக்காந்துகினு கீறான்."

அன்புச்செல்வி தலையைக் குனிந்துகொண்டாள். அவளுக்கும் தெரிந்திருக்கிறது. அம்மா தடுத்தும் கேட்காமல் அவள்தான் உன்னைத் திரும்பத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறாள். நீ எடுக்காததற்காக அம்மா அன்று சாமிக்கு நன்றி சொன்னாராம்.

அன்னிக்குப் பாடினது உன்னாண்ட இருக்குதா, போட்டுக் காட்டு என்றார் அம்மா. ஸ்ரீநாத் பேச்சு முடிந்து நீ பாட ஆரம்பிக்கிற இடத்திலிருந்து செல்போனில் போட்டேன். அந்தச் சத்தத்துக்கு அக்கம்பக்கத்துக் கதவெல்லாம் திறந்துகொண்டன. சண்டை என்று நினைத்து ஓடி வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். எனக்கு ஹெட்போன் வைத்துப் புரிந்தது அவர்களுக்கு எடுத்த எடுப்பிலேயே புரிந்துவிட்டது. அவரவர் வீடு வரும்வரை காத்திருந்தார்கள். கஸ்தூரி தன் பெயர் வந்ததும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள். கரீமுல்லா பாய் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். இடிக்கிற நேரத்தில் எங்கள் மாடியில் பாடியது இது என்று அம்மாவே அவர்களிடம் சொன்னார்; நீ ஏன் அங்கே இருந்தாய் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. முடிந்ததும் முதலிலிருந்து இன்னொரு தடவை போடச் சொன்னார்கள்.

இரண்டாவது தடவை கேட்டபோது அம்மா ஒரு தப்புக் கண்டுபிடித்தார். ஊமையன் வீட்டுக்கும் இரட்டைப் பிள்ளை வீட்டுக்கும் நடுவே பார்வதி வீட்டை விட்டுவிட்டாயாம். எல்லோரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். பார்வதி அங்கேயே நின்றுகொண்டிருந்தாள், அவளுக்கு முகம் தொங்கிவிட்டது. வந்ததும் அவளுக்கு நீ பதில் சொல்லிக்கொள், நான் அதில் தலையிட மாட்டேன்.

ஆக நீ யாருக்குத் தெரியக்கூடாது என்று பயந்தாயோ அவர்கள் அத்தனை பேருக்கும் தெரிந்துவிட்டது. இனி நீ யாருக்காக உள்ளே உட்கார்ந்திருக்கிறாய்? கிளம்பும்போது அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "பேனர்ல கீறவன் எனக்கு வாணாம்னு எழுதும்மா. என் புள்ள போதும்" என்றார். எழுதிவிட்டேன்.

உன் ஜாமீன் மனு வரும் திங்கட்கிழமை விசாரணைக்கு வருகிறது. அதற்குள் குண்டர் சட்டத்தில் உத்தரவு போட்டுவிட்டால் இந்தப் பதிவை வைத்துக்கொண்டு இன்னும் எத்தனை மாதம் அலைய வேண்டுமோ தெரியாது என்கிறார் வக்கீல். அவர் குரலில் முன்பிருந்த தெம்பு இல்லை. வெள்ளிக்கிழமை காலை, நீ கையெழுத்துப் போட வேண்டிய காகிதத்தோடு உன்னிடம் வருவார்.

அம்மாவும் அன்று வருகிறார். கூட்டமாக இருக்கும், வேண்டாம் என்று அன்புச்செல்வியும் நானும் எவ்வளவோ சொல்லிப் பார்த்தோம், கேட்கவில்லை. எங்களைப் பார்க்க வராததுபோல் அவரையும் பார்க்க மாட்டேன் என்று சொல்லி அனுப்பிவிடாதே.

நீ நல்லபடியாக வெளியே வர வேண்டும், தொண்டை ஆற வேண்டும், உனக்கென்று ஒரு வாசல் வேண்டும். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியிடமும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெள்ளிக்கிழமை அந்த முட்டியோடு எட்டு மாடி இறங்கி வருகிறவரை வெறுங்கையோடு திரும்பி ஏற விடாதே, லாரன்ஸ்.

வர்ஷினி